குதிரையிடம் எவ்வளவு மென்மை, எவ்வளவு கண்டிப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். ஆவணி பிறந்ததும் எனக்கு போன் வர ஆரம்பிக்கும். "சந்தையில நிக்கும்போது ஆட்டுக்குட்டி மாதிரி இருந்ததுங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரத்துல கிட்டயே விடமாட்டேங்குது." பேசுகிறவர்களில் பாதிப் பேர், "நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை" என்பார்கள். மீதிப் பேர், "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது" என்பார்கள். சொந்தக் குதிரைகளையும் அடுத்தவர் குதிரைகளையும் பழக்கியதில் எனக்குப் புரிந்ததை, அவர்கள் கேட்ட கேள்விகளாகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

குதிரையை அன்பால் மட்டும் பழக்க முடியாதா? கண்டிப்பு வேண்டியது அவசியமா?

வேண்டும். ஆனால் கண்டிப்பு என்றதும் கை சாட்டைக்குப் போக வேண்டியதில்லை. நான் கண்டிப்பு என்று சொல்வதில் முக்கால்வாசி, நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வதுதான்.

நான் முதன்முதலில் வளர்த்த ஆண்குட்டி என் தோளில் தலையை வைத்துத் தேய்க்கும். ஐம்பது கிலோ குட்டி அப்படிச் செய்தால் யாருக்குத்தான் பிடிக்காது? வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன். மூன்று வயதில் அது முந்நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. ஒருநாள் காலை அதே பிரியத்தோடு தேய்த்ததில் லாயத்துச் சுவருக்கும் அதன் தோளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன். விலா எலும்பில் விரிசல். கோபத்தில் ஓங்கி ஓர் அடி கொடுத்தேன். அது அரண்டுபோய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மூன்று வருடமாக நான் சிரித்து ரசித்த ஒன்றைத்தானே அது செய்தது? குட்டியாக இருக்கும்போதே, தலை என் பக்கம் வரும்போதெல்லாம் கையால் மெதுவாக அப்பால் தள்ளியிருந்தால் அந்த அடிக்கு வேலையே வந்திருக்காது.

அழுத்தம் கொடுத்து விடுவது என்கிறார்களே, அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

குதிரைப் பழக்கத்தின் அடித்தளமே அதுதான். அதனால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கயிற்றை இரண்டு விரல் பலத்துக்கு மட்டும் இழுத்து அப்படியே நிறுத்துங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். குதிரை முதலில் தலையைத் தூக்கிப் பின்னால் இழுக்கும். நீங்கள் எதிர்த்து இழுக்காமல், அதே சமயம் விட்டும் கொடுக்காமல் கூடவே போங்கள். கொஞ்ச நேரத்தில் அதன் உடல் எடை லேசாக முன்னால் சாயும். கால் எடுத்து வைத்திருக்காது, சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்த நொடியில் கயிறு முழுக்கத் தளர வேண்டும். அப்புறம் ஐந்து நொடி சும்மா நில்லுங்கள். திரும்பவும் கேளுங்கள். நாலைந்து முறையில் ஒரு காலாவது முன்னால் வரும்.

அழுத்தம் குதிரையை வழி தேட வைக்கிறது. எது வழி என்று அதற்குச் சொல்வது, அழுத்தம் விலகும் அந்த நொடி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். குதிரை பின்னால் இழுக்கும்போது கை வலித்து விட்டுவிடுவார்கள். 'பின்னால் இழுத்தால் விடுதலை' என்று குதிரை படித்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் பலமாக இழுக்கும். நாம் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுவோம். இன்னும் சிலர் குதிரை முன்னால் வந்த பிறகும் கயிற்றை இறுக்கியபடியே நடப்பார்கள். சரியாகச் செய்தும் விடவில்லை என்றால் அது எதற்குச் சரியாகச் செய்ய வேண்டும்?

இந்த நேரக்கணக்குச் சரியாக இருந்தால் அழுத்தம் தானாகவே குறைந்துகொண்டு வரும். ஒரு மாதத்தில் நீங்கள் மூச்சை இழுத்து முன்னால் சாய்வதே போதுமானதாகிவிடும். நம்பிக்கை வரவில்லையா? பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போடும், விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். அதை ஆராய 1904இல் ஒரு குழுவே போட்டார்கள். ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர்தான் கடைசியில் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தன்னையறியாமல் துளி அசைந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அசைந்தவருக்கே தெரியாத அசைவைப் படிக்கிற பிராணியிடம் நாம் எதற்குக் கத்த வேண்டும்?

சரி, மெதுவாகக் கேட்டேன், காதில் வாங்கவே இல்லை. அப்புறம்?

அப்போது கூட்டத்தான் வேண்டும். எப்படிக் கூட்டுவது என்பதை ஒரு தாய்க்குதிரையிடம் பாருங்கள். அது மேயும் இடத்தில் இன்னொன்று வந்து நுழைந்தால் முதலில் காதைப் பின்னால் மடக்கும். கேட்கவில்லை என்றால் கழுத்தை நீட்டிப் பல்லைக் காட்டும். அடுத்து பின்காலைத் தூக்கிக் காட்டும். அதற்கும் நகராவிட்டால்தான் உதை விழும். மற்றது நகர்ந்த மறுநொடி காது பழைய நிலைக்கு வந்துவிடும், மேய்ச்சலும் தொடரும். அதற்குக் கறுவிக்கொண்டு நிற்கத் தெரியாது.

நானும் அதே படிகளை வைத்திருக்கிறேன். முதலில் பார்வையும் நிற்கும் விதமும். பிறகு கை சைகை. பிறகு விரல் நுனியால் தொடுதல். கடைசியாக, உணரும் அளவுக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு படிக்கும் நடுவே ஓரிரு நொடி பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும். நேற்று நாலாவது படி வரை போனோமே என்று இன்று நேராக அங்கேயே தொடங்குவது நியாயமில்லை.

இதில் நான் மிகவும் வெறுப்பது நடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுகிற பழக்கம். சவாரியின்போது குதிகாலால் தட்டுவார்கள், தட்டுவார்கள், தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஓயாமல் மணி அடித்துக்கொண்டு வருகிற சைக்கிளுக்கு யார் வழி விடுகிறார்கள்? குதிரையும் அப்படித்தான் மரத்துப்போகும். பார்க்க மென்மையாகத் தெரிகிற இந்த நச்சரிப்பு, தெளிவாகக் கொடுத்து உடனே முடித்துவிட்ட ஒரு தட்டைவிட மோசமானது. ஏனென்றால் இதில் குதிரைக்கு விடுதலையே கிடையாது.

என் குதிரை கடிக்கிறது. வாயில் அடித்தேன். இப்போது கடித்துவிட்டுத் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது.

அதற்கு இது விளையாட்டாகிவிட்டது. அடி படாமல் கடிப்பது எப்படி என்று பழகிக்கொண்டிருக்கிறது. நாளடைவில் தலைக்குப் பக்கத்தில் எந்தக் கை வந்தாலும் மிரளும். அப்புறம் முகக்கயிறு மாட்டுவதே பெரும்பாடாகிவிடும்.

முதலில் கையில் வைத்து எதையும் ஊட்டுவதை நிறுத்துங்கள், கொடுப்பதைத் தொட்டியில் போடுங்கள். இரண்டாவதாக, கடிப்பதற்கு முன் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். உதடு இறுகும், மூக்கின் ஓரம் சுருங்கும், தலை உங்கள் பக்கம் திரும்பும். தலை திரும்பும்போதே அதற்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டடி பின்னால் போகச் சொல்லலாம், பின்பாகத்தை ஒரு பக்கம் நகர்த்தச் சொல்லலாம். கடித்த பிறகு கொடுக்கும் எந்தத் தண்டனையும் தாமதமானதுதான். சேணத்தின் வாரை இறுக்கும்போது மட்டும் கடிக்கிறது என்றால் விஷயமே வேறு. முதுகையும் வயிற்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாட்டையை வைத்திருக்கலாமா, கூடாதா?

நான் வைத்திருக்கிறேன். நீளமான, மெல்லிய ஒன்று. என் கை எட்டாத இடத்தில் தொட்டுக்காட்ட உதவும். அதை முதலில் குதிரையின் உடம்பெங்கும் தடவிப் பழக்கிவிடுவேன். என் கையில் அதைக் கண்டு குதிரை மிரண்டால் அன்றைய பாடம் அதுதான், வேறு எதுவும் கிடையாது.

குதிரைத் தோல் தடிப்பானது, வலிக்காது என்று சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளித்தோலின் தடிமனிலும் அதிலுள்ள நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதையும் அவர்கள் காணவில்லை. ஆய்வுகூட வேண்டாம், ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் துடிப்பதைப் பாருங்கள்.

வாய் கெட்டியான குதிரை, இழுத்தால் நிற்கவில்லை. பலமான கடிவாளம் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்து இரும்பு உட்காருவது அங்கேதான். மெல்லிய சதை, அதற்குக் கீழே நேராக எலும்பு. வாய் கெட்டியாக இருக்கிறது என்றால் யாரோ பல மாதம் கடிவாள வாரை விடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடிவாளத்தை மாற்றினால் ஒரு வாரம் நிற்கும், பிறகு அதற்கும் மரத்துவிடும்.

வண்டிக் குதிரைகளுக்கு முள் வைத்த கடிவாளம் போடுகிற வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளின் 8ஆவது விதி அதைத் தடை செய்கிறது. 'ரொம்ப முரடுங்க, அதனாலதான்' என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. அந்த முரடு எங்கிருந்து வந்தது என்பதற்கு வாயைத் திறந்து பார்த்தாலே பதில் கிடைக்கும்.

திரும்ப முதலிலிருந்து தொடங்குங்கள். கீழே நின்று தலைக்கயிற்றில் நிற்கக் கற்றுக்கொடுங்கள். அது வந்த பிறகு மேலே ஏறி, நடையில் மட்டும் பழக்குங்கள். வாயைத் திறக்காமல் இருக்க மூக்குவாரை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். மூக்கெலும்புக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பயமா, வலியா, பிடிவாதமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

என் கணக்கில் வலியும் பயமும்தான் முதல் இரண்டு சந்தேகங்கள், பிடிவாதம் கடைசியில்தான். நேற்று வரை செய்துவந்ததை இன்று திடீரென்று மறுத்தால் பல், முதுகு, சேணம், குளம்பு என்று வரிசையாகப் பாருங்கள். லாடம் அடித்து எத்தனை நாளாயிற்று? தீனியையும் பாருங்கள். ஊறவைத்த கொள்ளை வாளி வாளியாகக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க லாயத்தில் கட்டிவைத்தால் வெளியே வந்ததும் துள்ளாமல் என்ன செய்யும்?

இங்கிலாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். காதைப் பின்னால் மடக்குவது, வாயைத் திறந்துகொண்டே இருப்பது, வாலைச் சுழற்றுவது, தலையைத் திரும்பத் திரும்ப ஆட்டுவது எல்லாம் அதில் உண்டு. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் பலவற்றை நாம் 'சேட்டை' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

பயத்துக்கு அலெக்சாந்தரின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. புசெபலஸ் என்ற குதிரையை யாராலும் அடக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அது தன் நிழலைக் கண்டு மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கவனித்தான். குதிரையைச் சூரியனைப் பார்த்துத் திருப்பினான், தடவிக்கொடுத்தான், அமைதியாக ஏறினான் என்று எழுதுகிறார் பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். எல்லோரும் அங்கேயே கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி. குதிரையின் பயம் தெளிந்து அது ஓட விரும்பியதும், அதட்டிக் குரல் கொடுத்து, காலால் உந்தி முழு வேகத்தில் விரட்டினான் அவன். அதட்டல் இருந்தது, பயம் போன பிறகு இருந்தது. அந்தக் குதிரை கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரைப் போரை ஒட்டி நம் துணைக்கண்டத்தில்தான் இறந்தது.

மிரள்கிற குதிரையை அடித்து அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனபோன் இதைச் சொல்லிவிட்டார். அடித்தால், வலிக்குக் காரணம் எதிரே இருக்கும் அந்தப் பொருள்தான் என்று குதிரை நினைத்துக்கொள்ளும், பயம் இரட்டிப்பாகும் என்கிறார். ரோட்டோரத்து பிளக்ஸ் பேனரைக் கண்டு நிற்கிற குதிரையை வைத்திருக்கிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். எட்ட நிறுத்துங்கள், பார்க்க விடுங்கள், அது தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டதும் திருப்பிக் கூட்டிப் போங்கள். நாளைக்கு இன்னும் இரண்டடி முன்னால்.

வெல்லம், கேரட் கொடுத்துப் பழக்கலாமா?

தாராளமாக. ஆனால் சரியாகச் செய்த நொடியில் நாக்கால் ஒரு 'டொக்' சத்தம் கொடுத்து, பிறகு கொடுங்கள். குதிரை முகத்தை உங்கள் பையிலிருந்து விலக்கி நேராக வைத்திருக்கும்போது மட்டும் கொடுங்கள். மோப்பம் பிடித்துப் பையைக் குடைகிற குதிரைக்குக் கொடுத்தால் திருட்டைத்தான் கற்றுக்கொடுக்கிறீர்கள். மேலே கடிக்கிற குதிரைக்குச் சொன்னதும் நினைவில் இருக்கட்டும்.

தின்பண்டம் இல்லாத பரிசும் உண்டு. பிடரி முடியும் இடத்தில், முதுகு மேடு தொடங்குகிற இடத்தில், விரலால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்சின் கமார்க் குதிரைகளை வைத்து 1993இல் ஓர் ஆய்வு காட்டியது. நெற்றியில் பட்பட்டென்று தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் பாசம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னால் வருகிற கையைக் குதிரையால் பார்க்கக்கூட முடியாது.

கோபம் வந்து அடித்துவிட்டேன். எல்லாம் கெட்டுவிட்டதா?

ஒரு நாளில் கெடாது. கயிற்றைக் கட்டிவிட்டுப் போய்த் தண்ணீர் குடியுங்கள். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்பதைத்தான் தன் அறிவுரைகளில் சிறந்தது என்று அதே செனபோன் எழுதினார். திரும்பி வந்ததும் குதிரைக்கு நன்றாகத் தெரிந்த சுலபமான ஒன்றைக் கேட்டு, செய்ததும் சொறிந்துவிட்டு, அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். குற்ற உணர்ச்சியில் அடுத்த மூன்று நாள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதுதான் உண்மையான சேதம். அடித்தவர் யார், கொஞ்சுகிறவர் யார் என்று குதிரைக்கு விளங்காமல் போகும்.

நான் ஒரு மாதிரி, லாயத்தில் வேலை செய்கிறவர் ஒரு மாதிரி. என்ன செய்வது?

இது பேசித் தீர்க்க வேண்டியது. காலையும் மாலையும் குதிரையோடு இருப்பது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற நீங்கள் சட்டம் போட்டால் எடுபடாது. அவரைக் கூட வைத்துக்கொண்டு மூன்றே விஷயங்களில் உடன்பாட்டுக்கு வாருங்கள்: தீனி வைக்கும்போது எங்கே நிற்க வேண்டும், வாசலில் யார் முதலில் போவது, காலைத் தூக்கச் சொல்ல எந்த இடத்தில் தொடுவது. என்னிடம் இருந்த ஒரு பெரியவர் குளம்பு பார்க்கக் குனிந்து, "காலக் குடு கண்ணு" என்பார். மருத்துவர், லாடம் அடிப்பவர், நான், எல்லோரும் கடைசியில் அவர் சொன்ன மாதிரியே சொல்லக் கற்றுக்கொண்டோம். அதுதான் வேலை செய்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? எந்த வயதில் ஏறலாம்?

இளம் குதிரைக்கு இருபது நிமிடம் போதும். கேட்டதைச் செய்துவிட்டால் பத்தே நிமிடத்தில் விடுங்கள். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். அதனால் மூன்று வயதுக்கு முன் நான் ஏறுவதில்லை, ஏறினாலும் முதல் வருடம் லேசான வேலைதான். அதற்கு முன் கீழே நின்று கற்றுத்தர எவ்வளவோ இருக்கிறது.

இப்போது என் குதிரை எதற்குமே எதிர்ப்புக் காட்டுவதில்லை, சிலை மாதிரி நிற்கிறது. பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கொஞ்சம் கவலையோடு கேட்க வேண்டிய கேள்வி இது. அமைதியான குதிரைக்குக் காது நிற்காது. ஒன்று உங்கள் பக்கம், ஒன்று வாசல் பக்கம் என்று திரும்பிக்கொண்டே இருக்கும். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் வளைந்த காதுகளில் இது அழகாகத் தெரியும். கீழுதடு தளர்ந்திருக்கும், தெரிந்தவரைக் கண்டால் கனைக்கும், கூப்பிட்டால் கழுத்து திரும்பும். மனம் ஒடிந்த குதிரையும் அசையாமல்தான் நிற்கும். ஆனால் கண் எதையும் பார்க்காது, காது திரும்பாது, பக்கத்தில் தட்டு விழுந்தாலும் கண்டுகொள்ளாது. எதைச் செய்தாலும் அழுத்தம் நிற்காது என்று தெரிந்துவிட்டால் குதிரை முயற்சியையே விட்டுவிடும். கால்களைக் கட்டிக் கீழே தள்ளிப் 'படிய வைக்கிற' முறையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

அப்படி ஒரு பெட்டைக் குதிரை என்னிடம் வந்தது. இரண்டு மாதம் எதுவும் கேட்கவில்லை. வேறொரு குதிரையோடு மேய விட்டேன், தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருநாள் முகக்கயிற்றை எடுத்துக்கொண்டு போனபோது தலையைத் திருப்பிக்கொண்டு நாலடி தள்ளிப் போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் பாயசம். மாட்டேன் என்று சொல்ல அதற்குத் தைரியம் வந்துவிட்டதே! மறுநாளிலிருந்து வேலையைத் தொடங்கினோம்.

எப்போது இது நம்மால் ஆகாது என்று விட வேண்டும்?

முன்கால்களைத் தூக்கி நிற்கிறது, குறிபார்த்து உதைக்கிறது, லாயத்துக்குள் நுழைந்தால் பாய்ந்து வருகிறது என்றால் அன்றே அனுபவசாலி ஒருவரைக் கூப்பிடுங்கள். நானூறு கிலோ விலங்கோடு தனியாகச் சோதனை வேண்டாம். வருகிறவரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு வழி சொல்கிறேன். அவர் வேலை செய்யும்போது அவர் கையைப் பார்க்காதீர்கள், அவர் வைத்திருக்கிற கயிற்றைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி அது தொங்கிக்கொண்டிருந்தால் குதிரையை நம்பி விடலாம்.